ஆயிரத்தில் ஐம்பத்தாறு மிச்சம்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்குத் திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கு,

2025 ஆகஸ்டில் குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தீர்கள். எல்லோருக்கும் வங்கிச் சேவை சேர வேண்டும் என்பதற்காக நடந்த நிகழ்ச்சி அது. சேமிப்புக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பு பற்றி அங்கே கேட்கப்பட்டது. அதை அந்தந்த வங்கிகளின் முடிவுக்கே விட்டிருக்கிறோம், ஒரு வங்கி பத்தாயிரம் வைக்கிறது, இன்னொன்று இரண்டாயிரம் வைக்கிறது, சில வங்கிகள் வேண்டாம் என்றே விட்டுவிட்டன, இது ஒழுங்குமுறை வரம்புக்குள் வருவதில்லை என்று பதில் சொன்னீர்கள்.

அந்த வாரம் ஒரு தனியார் வங்கி, பெருநகரங்களில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் இருப்பு வேண்டும் என்று அறிவித்திருந்தது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாக எழுதின. ஐம்பதாயிரம் வைக்க முடியாதவர் அந்த வங்கியின் படியேறமாட்டார், அவ்வளவுதான். வங்கியும் சில நாட்களில் அதைப் பதினைந்தாயிரமாகக் குறைத்துவிட்டது. எனக்கு அதில் வழக்கில்லை. நான் எழுதுவது, தாமாக எந்த வங்கியின் படியும் ஏறாதவர்களைப் பற்றி. கம்பெனி சொல்லிக் கணக்குத் தொடங்கியவர்கள், கம்பெனி மாறியதும் அந்தக் கணக்கை மறந்தவர்கள், அந்தக் கணக்கு தங்கள் பெயரில் கடனாக வளர்ந்துகொண்டிருப்பது தெரியாதவர்கள். இவர்கள் விஷயத்திலும் 'வங்கிகளின் முடிவுக்கே விட்டோம்' என்பதுதான் உங்கள் பதில் என்றால், அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பவர்டேபிள் யூனிட்டில் கணக்கு எழுதுகிறவள். பெரிய கம்பெனிகளிலிருந்து கட்டிங் முடிந்த துணி வரும். தைத்து, செக்கிங் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். வாரச் சம்பளம் போடுவதும், பி.எப்., ஈ.எஸ்.ஐ. கணக்குகளைப் பார்ப்பதும் என் வேலை. பாஸ்புக்கை நீட்டி, இது என்ன பிடித்தம் என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை அல்ல. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டு முடிந்ததும் அதுதான் நடக்கிறது.

அப்படி வந்த ஒரு பாஸ்புக்கை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஓர் அக்காவுடையது. அவர் சம்மதித்துக் கொடுத்தது. அவர் பெயரும் வங்கியின் பெயரும் இங்கே வேண்டாம். ஒரே பக்கத்தில் எட்டு வரிகள் அச்சாகியிருக்கின்றன. முதல் வரி, தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வரவு. அதற்குக் கீழே அதே தேதியில் ஐந்து வரிகள், ஒவ்வொன்றும் 177 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு மாதத்துக்கு 150 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 27 ரூபாய். ஐந்து மாதத்துப் பாக்கி ஒரே மூச்சில் பிடிக்கப்பட்டது. மீதி 115 ரூபாய்.

பணம் வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தியை மட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் அவர் ஏடிஎம்மில் ஆயிரம் கேட்டிருக்கிறார். வரவில்லை. சரி, பாதியாவது எடுப்போம் என்று ஐந்நூறு கேட்டிருக்கிறார். அதுவும் வரவில்லை. இருப்பு போதாமல் பணம் எடுக்க முயன்ற குற்றத்துக்குத் தலா 25 ரூபாய், வரியோடு 29 ரூபாய் 50 காசு. அது இரண்டு வரிகள். கடைசி வரியில் இருப்பு 56.00 என்று நிற்கிறது. முதலிலேயே நூறு ரூபாய் கேட்டிருந்தால் அந்த ஒரு நூறு ரூபாய்த் தாளாவது கையில் வந்திருக்கும். ஐம்பத்தாறு ரூபாயை எந்த ஏடிஎம்மும் எண்ணித் தராது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் கூட்டிப் பார்த்தேன். ஆயிரம் ரூபாயில் வங்கிக்கு 800, ஜி.எஸ்.டி. 144, அந்த அக்காவுக்கு 56. ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலத்தின் பங்கு. அதாவது ஆயிரம் கொடுத்த அரசின் கஜானாவுக்கே எழுபத்திரண்டு ரூபாய் வரியாகத் திரும்பிப் போயிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூரில் இது ஒருவர் கதை அல்ல. முன்பு அவர் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே வங்கி ஊழியர் கம்பெனிக்குள் மேசை போட்டு, கைரேகை வாங்கி, ஆதாரை இணைத்துச் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு எதுவும் இல்லை. பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது, எங்கள் யூனிட்டுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து சம்பளம் வருவது நின்று மூன்று மாதம் ஆனதும் கணக்கு தானாகச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறியது. ஐயாயிரம் ரூபாய் இருப்பு வேண்டும் என்ற நிபந்தனையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அரசுப் பணம் ஏன் அந்தக் கணக்குக்குப் போனது என்றால், கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும் என்பது ஏற்பாடு. அதைத் தேர்ந்தெடுத்ததும் அவர் இல்லை.

இந்த ஊரில் கம்பெனி மாறுவது சாதாரணம். ஆர்டர் இருக்கும் இடத்துக்கு ஆள் போவார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வங்கி. எங்கள் யூனிட்டில் மூன்று, நான்கு வங்கிகளின் ஏடிஎம் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. எது உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது விழுக்காடு வரி போட்ட பிறகு இங்கே ஆர்டர்கள் தேங்கின, பலருக்கு வேலை மாறியது. அப்போது கைவிடப்பட்ட சம்பளக் கணக்குகள் எல்லாம் அபராதக் கணக்குகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஏதாவது பணம் வந்து விழும்போதுதான் உரியவர்களுக்குத் தெரியவரும்.

மாதம் 150 என்பது சிறிய தொகை என்று மும்பையில் தோன்றலாம். ஐயாயிரம் ரூபாய் இல்லாததற்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய். அது முப்பத்தாறு விழுக்காடு. ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் நாற்பத்திரண்டைத் தாண்டுகிறது. அதே கணக்கில் ஐயாயிரம் இருந்திருந்தால் பெரிய வங்கிகள் தரும் வட்டி இரண்டரை விழுக்காடுதான். கந்துவட்டிக்காரர்கூடப் பணத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் வட்டி கேட்பார். இங்கே கொடுக்காத பணத்துக்கு, இல்லாத இருப்பின் மீது, கேட்காமலே வட்டி ஓடுகிறது.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். 2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையைப் படித்திருக்கிறேன். அபராதம் போடுவதற்கு முன் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்பத்தான் அபராதம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாது.

இந்தக் கடைசி விதியை வங்கிகள் எழுத்துப் பிசகாமல் மதிக்கின்றன, ஐயா. பாஸ்புக்கில் மைனஸ் வருவதில்லை. அந்த அக்காவின் பாஸ்புக்கிலும் ஐந்து மாதம் பூஜ்யம்தான் இருந்தது. ஆனால் கிளையில் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்: ஹோல்டு என்ற தலைப்பில் ஐந்து 177 ரூபாய்கள் தேதி வாரியாக வரிசையில் காத்திருந்த விவரம் அதில் இருந்தது. பாஸ்புக்கில் பூஜ்யம், திரையில் மைனஸ் 885. பணம் வந்த நொடியில் திரையிலிருந்த கணக்கு பாஸ்புக்கில் இறங்கிவிட்டது. மைனஸ் ஆகக் கூடாது என்று நீங்கள் போட்ட வேலி, மைனஸை வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து மறைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது. வெளிப்படையாக மைனஸ் காட்டியிருந்தால்கூட அவர் வேறு கணக்குக்குப் பணத்தை மாற்றச் சொல்லியிருப்பார்.

இது தவறு என்பது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாததும் அல்ல. இருப்பே இல்லாத கணக்குகளில் இப்படிக் கட்டணம் விதித்ததற்காகவும் வேறு சில மீறல்களுக்காகவும் 2024 மே மாதம் ஒரு தனியார் வங்கிக்கு 91 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தீர்கள். ஆக, இது உங்கள் வரம்புக்குள் வருகிற விஷயம்தான். எவ்வளவு இருப்பு வேண்டும் என்று சொல்வது வங்கியின் உரிமையாக இருக்கட்டும். இல்லாதவரிடம் என்ன செய்யலாம் என்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2014 ஏப்ரல் 1 அன்று வெளியான பணக் கொள்கை அறிக்கையில், ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, ரிசர்வ் வங்கியே ஒரு யோசனை சொன்னது. வாடிக்கையாளரின் கஷ்டத்தையோ கவனக் குறைவையோ வங்கிகள் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றால் அபராதம் போடுவதற்குப் பதிலாக, அந்தக் கணக்கின் வசதிகளை, குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கின் அளவுக்குக் குறைத்துவிடலாம். இருப்பு திரும்ப வந்ததும் வசதிகளையும் திரும்பத் தரலாம். இதைவிட நியாயமான வழி இருக்க முடியுமா? காசோலைப் புத்தகம் வேண்டாம், இலவசச் சலுகைகள் வேண்டாம், மாதத்துக்கு நான்கு முறை பணம் எடுத்தால் போதும். எங்கள் யூனிட்டில் யாருக்கும் அதற்கு மேல் தேவையில்லை. அதே ஆண்டு நவம்பருக்குள் அந்த யோசனை எங்கே போனது? செயல்படாத கணக்குகளுக்கு மட்டும் அபராத விலக்கு கிடைத்தது. மற்றவர்களுக்கு, எப்படி அபராதம் போடுவது என்ற வழிகாட்டுதல் வந்தது. கட்டணத்தை ஒழிக்க வந்தவர்கள் கட்டணத்துக்கு விதிமுறை வகுத்துவிட்டுப் போன மாதிரி ஆயிற்று.

இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு. 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் சேர்ந்து, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக 2023 ஆகஸ்டில் மத்திய அரசு பதில் தந்தது. 2019-20 தொடங்கி ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் ஏறத்தாழ 8,500 கோடி என்பது 2024 ஜூலையில் தந்த பதில். நாட்டிலேயே பெரிய வங்கியான ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்த அபராதத்தையே கைவிட்ட பிறகும் இவ்வளவு. பணம் இருப்பவர் இந்தக் கட்டணத்தைக் கட்டுவதே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். இந்தக் கோடிகள் முழுவதும், கணக்கில் போதிய பணம் இல்லாதவர்களிடமிருந்து வந்தவை.

கணக்கைப் பராமரிக்கச் செலவு ஆகிறதே என்று வங்கிகள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆகட்டும். ஆனால் 2025இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆப் பரோடா, இந்தியன் வங்கி என்று ஒவ்வொன்றாக இந்த அபராதத்தை நிறுத்தின. அவை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நிறுத்த முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்படியானால் எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ஆயிரமும் இன்னொருவருக்கு ஐம்பத்தாறும் கிடைக்கும். அந்த வங்கியைத் தேர்ந்தெடுத்ததோ பழைய கம்பெனியின் எச்.ஆர். பிரிவு.

இதைவிட எனக்குப் பெரிதாக உறுத்துவது ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போய், வழக்கு நடத்தி, டிக்ரி என்ற தீர்ப்பாணை வாங்கிவிட்டால்கூட எவற்றையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்ற பட்டியல் அதில் வருகிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவிகள் என்று போகும் அந்தப் பட்டியலில் தொழிலாளியின் கூலியும் வீட்டு வேலை செய்வோரின் கூலியும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இருந்த இரக்கம் அது. இன்று வழக்கில்லை, டிக்ரி இல்லை, நோட்டீஸ் இல்லை. ஒரே இரவில் ஒரு மென்பொருள் கூலியையும் உதவித்தொகையையும் ஜப்தி செய்துவிட்டுப் போகிறது. எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கும் ஒருவரின் அம்மா ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவர் கூலியிலும் இதே கதை நடந்தது. மண் சுமந்த கூலி அது.

மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கான திட்டம். முதல் மாதப் பணம் வந்த சில நாட்களிலேயே வங்கிகள் பிடித்தம் செய்கின்றன என்ற புகார் மாநிலம் முழுக்க எழுந்தது. இந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்றும் அறிவித்தார். சில வங்கிகள் கேட்டன, சில பிடித்ததைத் திருப்பித் தந்தன. ஆனால் மாநில அமைச்சரின் அறிக்கை வங்கியின் மென்பொருளுக்குக் கட்டளை ஆகாது. உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி ஆகும். அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை.

கிளைக்கு நானும் அந்த அக்காவுடன் போனேன். அங்கிருந்த உதவி மேலாளரைக் குறை சொல்லமாட்டேன். சின்ன வயசுப் பையன், உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார். சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது, எங்கள் கையில் இல்லை என்றார். மேலிடத்துக்கு எழுதி ஒரு மாதத்துப் பிடித்தத்தை மட்டும் சலுகையாகத் திருப்பிப் போட முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். விதிப்படி பிடிக்கக் கூடாததைத் திருப்பித் தருவது எப்படிச் சலுகை ஆகும் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. கணக்கையே முடித்துவிடுகிறோம் என்றோம். புதிதாக ஒரு மாத அபராதம் ஏறியிருக்கிறது, அதைக் கட்டினால்தான் முடிக்க முடியும் என்றார். உள்ளே இருக்கவும் காசு, வெளியே போகவும் காசு. அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான், அப்படி ஒரு கணக்கு இருப்பதே அந்தக் கவுன்டரில் பேச்சுக்கு வந்தது. 2012 முதல் எல்லா வங்கிகளிலும் இருக்கும் கணக்கு அது. தொங்கும் விளம்பரப் பலகைகளில் தங்க நகைக் கடன் இருந்தது, கிரெடிட் கார்டு இருந்தது, இது இல்லை.

முன்னறிவிப்பு அனுப்பினோம் என்று வங்கி சொல்கிறது. உண்மைதான், அவர் போனில் குறுஞ்செய்தி இருந்தது. ஆங்கிலத்தில், எந்தத் தேதிக்குள் எவ்வளவு போட வேண்டும் என்ற தெளிவில்லாமல், லாட்டரி மோசடிச் செய்திகளுக்கும் ரீசார்ஜ் விளம்பரங்களுக்கும் நடுவே கிடந்தது. வங்கியிலிருந்து வரும் செய்தியை நம்பாதீர்கள், லிங்கைத் தொடாதீர்கள் என்று நீங்களே ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறீர்கள். அதை நம்பி அவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்திருக்கிறார். படிவங்களும் பாஸ்புக்கும் மும்மொழியில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. ஒருவர் பணத்தை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்ற அறிவிப்புக்கு மட்டும் ஏன் அவர் மொழி தேவையில்லை?

தவணை திரும்பும் கட்டணத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்னிங் பிரிவில் ஒருவர் தவணைக்கு வாஷிங் மெஷின் வாங்கினார். மாதம் 1,850 ரூபாய், ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். ஒரு மாதம் இருப்பு குறைவாக இருந்தது. திரும்பியதற்கு வங்கி 500 ரூபாயும் ஜி.எஸ்.டி. 90 ரூபாயும் எழுதியது. நிதி நிறுவனம் இரண்டு நாள் கழித்து, அவரிடம் கேட்காமலே மறுபடி அனுப்பியது, மறுபடி 590. தவணையில் பாதிக்கு மேல் அபராதம் ஆகிவிட்டது, நிதி நிறுவனம் தனியாகப் போடும் கட்டணத்தைச் சேர்க்காமலே. பிறகு, பணம் செலுத்துதல், தீர்வு முறைகள் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு தெரியுமா என்று போனில் மிரட்டல். கடன்களுக்கான அபராதக் கட்டணம் வருமானம் பெருக்கும் கருவி ஆகிவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று நீங்கள்தான் அறிவுறுத்தினீர்கள். நல்ல வாக்கியம். கடன் கணக்குக்குச் சொன்னதைச் சேமிப்புக் கணக்குக்கும் சொல்வதில் என்ன தடை?

ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் இருக்கிறதே, முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால் அங்கே போகலாமே என்பீர்கள். போகலாம். 885 ரூபாய்க்காக வங்கிக்கு எழுதி, முப்பது நாள் காத்திருந்து, இணையத்தில் படிவம் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, நடுவே கிளைக்கு நடையாக நடந்து ஷிப்டை இழப்பதற்குப் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் தயாராக இருக்கமாட்டார். இது அந்தத் திட்டத்தின் குறை அல்ல. கோடிக்கணக்கான பேரிடம் நூறு நூறாகப் பிடிக்கும் ஒன்றைத் தனித்தனிப் புகார்களால் சரிசெய்ய முடியாது. பிடிக்கும் இடத்திலேயே நிறுத்தினால்தான் உண்டு.

ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விட மனமில்லை. ஜன் தன் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் வரை ஓவர்டிராப்ட், அதாவது இருப்பைத் தாண்டிப் பணம் எடுக்கும் வசதி உண்டு என்று 2018இல் அறிவித்தார்கள். எங்கள் யூனிட்டில் அதை வாங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை. கேட்டுப் போனவர்களைக் கிளையில் நாளை வா என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டுப் பெற வேண்டிய ஓவர்டிராப்ட் கிடைப்பதில்லை. கேட்காத ஓவர்டிராப்ட், ஒரு பைசா கையில் வராமலே, வீடு தேடி வருகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

அபராதப் பாக்கியைச் சேர்த்து வைத்துப் பின்னால் வரும் பணத்தில் பிடிக்கும் வழக்கத்தைத் தடை செய்யுங்கள். அந்த மாதம் கணக்கில் பணம் இல்லை என்றால் அந்த மாதத்து அபராதம் அந்த மாதத்தோடு முடிந்துவிட வேண்டும். ஹோல்டு, லீன், வேறு எந்தப் பெயரிலும் அது அடுத்த மாதத்துக்குப் போகக் கூடாது. உங்கள் 2014 விதியின் பொருளே இதுதான் என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கை போட்டால் போதும். புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூலி, நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் ஓய்வூதியம், மகளிர் உரிமைத்தொகை, மாணவர் உதவித்தொகை ஆகியவற்றில் வங்கி தன் கட்டணம் எதையும் பிடிக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். இந்தப் பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது என்பது வரும்போதே மென்பொருளுக்குத் தெரிகிறது. பாஸ்புக்கில் திட்டத்தின் பெயரையே அச்சிடுகிறார்கள்.

2014 ஏப்ரலில் சொன்னதைச் செய்யுங்கள். சம்பளக் கணக்கில் சம்பளம் நின்றால் அது அபராதம் உள்ள சேமிப்புக் கணக்காக மாறாமல் அடிப்படைக் கணக்காகத் தானாக மாறட்டும். வேறு வகைக் கணக்கு வேண்டும் என்பவர் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும். இப்போது எழுதிக் கொடுக்கும் சுமை எல்லாம் தப்பிக்க வேண்டியவர் தலையில் இருக்கிறது.

கணக்கை முடிக்க வருகிறவரிடம் குறைந்தபட்ச இருப்புப் பாக்கியைக் கேட்கக் கூடாது. இருப்பு போதாமல் ஏடிஎம் மறுக்கும்போது கட்டணம் கூடாது. மறுப்பதற்கு முன் மீதி எவ்வளவு என்று அந்தத் திரையிலேயே காட்டினால் வாடிக்கையாளர் அதற்கேற்பக் கேட்பார். ஒரு தவணைக்கு ஒரு முறைக்கு மேல் திரும்பும் கட்டணம் கூடாது, அதுவும் தவணைத் தொகைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அபராத முன்னறிவிப்பு வாடிக்கையாளரின் மொழியில், தொகையும் கடைசித் தேதியும் குறித்து வர வேண்டும்; அப்படி வரவில்லை என்றால் அந்த அபராதம் செல்லாது என்று இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வங்கியும் இந்த வகையில் எவ்வளவு வசூலித்தது, அதில் எவ்வளவு இருப்பே இல்லாத கணக்குகளில் பின்னால் வந்த பணத்திலிருந்து பிடித்தது என்பதை ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடச் சொல்லுங்கள். நாடாளுமன்றத்தில் யாராவது கேள்வி கேட்டால்தான் எங்களுக்குத் தெரியும் என்ற நிலை வேண்டாம். அரசு உதவித்தொகைகளிலிருந்து ஏற்கெனவே பிடித்ததை வங்கிகள் தாமாகவே கணக்கிட்டு, விண்ணப்பம் கேட்காமல், உரியவர் கணக்கில் திருப்பி வரவு வைக்க ஒரு கெடு விதியுங்கள். பிடிக்கும்போது யாரிடமும் விண்ணப்பம் கேட்கவில்லை.

பாஸ்புக் பக்கங்களின் நகல்களை, உரியவர்களின் ஒப்புதலோடு, பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்து உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் சனிக்கிழமை எல்லோருக்கும் படித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பவர்டேபிள் யூனிட்டின் கணக்காளர்,
திருப்பூர்